பூச்சட்டிக் குளிரியல்: போனக்காட்டு லயத் திண்ணைகளை முன்வைத்து

1. ஆய்வு இடைவெளி

திருவிதாங்கூர் அரசரின் வானாய்வுக்கூட இயக்குநர் ஜான் ஆலன் ப்ரௌன், 1855-இல் அகத்தியமலைமேல் கருவிகளை ஏற்றி ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். காந்தப்புலத்தை அளந்தார், வானிலையை அளந்தார். அதே மலையடியில், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத் திண்ணையில், மார்கழி மாதம் சட்டி ரோஜா அழுகுவது ஏன் என்பதை மட்டும் அளக்காமல் இறங்கிவிட்டார். அன்றைக்கு அங்கே லயமும் சட்டியும் இருந்தனவா என்று கேட்பவர்கள் ஆய்வு நெறிமுறை அறியாதவர்கள். இடைவெளி இருந்தால்தான் கட்டுரை பிறக்கும் என்மனார் புலவர்.

2. குளிர் உண்டா?

மூணாற்றைப்போல் உறைபனி விழும் ஊரன்று இது. எனினும், விதுரை வழியாக மங்கி குல்லாயோடு வந்திறங்கும் திருவனந்தபுரத்துக்காரரின் சாட்சியத்தை ஏற்று, உண்டு எனக் கொள்க.

3. சட்டி வகைமை

மண்சட்டி: சுவர் வழியே ஈரம் கசிந்து காயும். பெயின்ட் வாளி: ஈரத்தை விடாது; பழுக்கக் காய்ச்சிய ஆணியால் அடியில் துளை போடும்வரை அது சட்டியன்று, கிணறு. துருப்பிடித்த எண்ணெய் டின்: தனக்குத்தானே ஓட்டை போட்டுக்கொள்ளும் அறிவுடையது. விரிசல் விட்ட குடம்: காண்க, எண்ணெய் டின்.

4. நீரியல்

குளிரில் செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும், குடிப்பதும் குறையும். மூடுபனி மண்ணைக் காயவிடாது. நாமோ சித்திரை மாதத்து வழக்கப்படி ஒரு சொம்பு ஊற்றுவோம். மண்ணிடுக்கில் காற்றிருக்க வேண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொள்ள, வேர் மூச்சுத் திணறும். பூஞ்சை வந்து அழுக வைக்கும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே இலை வாடும். வாடிய இலையைக் கண்டதும் இரக்கம் மேலிட்டு இன்னொரு சொம்பு ஊற்றுவோம். இதனாற் சொல்லியது யாதோவெனின், போனக்காட்டில் குளிரால் செத்த செடியைவிடப் பாசத்தால் செத்த செடியே மிகுதி என்பதாம் (எதிர் லயத்து மாமியார், ‘யாரைக் கேட்டு ஊத்துன?’, திண்ணை வெளியீடு, மறுபதிப்பு தினந்தோறும்).

5. உரம்

வேண்டாம். தை போகட்டும்.

6. விரலியல்

ஊற்றலாமா கூடாதா என்பதை அறிய மண்ணுக்குள் விரலை விடவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த விரல் என்பதில்தான் உலகம் பிளவுபட்டுக் கிடக்கிறது.

ஆள்காட்டி விரற் பள்ளியினர், இரண்டு கணு ஆழம் இறக்கி, ஈரம் தட்டினால் சொம்பைக் கீழே வை என்பர். இது மூத்த பள்ளி. சுண்டுவிரற் பள்ளியினர், வேரை நோகடிக்காத ஒரே விரல் அதுவே என வாதிடுவர். ஆனால் அடிமண் வரை எட்டாத விரலைக்கொண்டு அடிமண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள் என்னும் குற்றச்சாட்டு இவர்கள்மேல் உண்டு (மேற்படி மாமியாரின் மருமகள், ‘மேற்கண்டதற்கு மறுப்பு’, அடுக்களைத் தொகுதி, முணுமுணுப்பு வடிவில், அச்சேறாதது). கட்டைவிரற் பள்ளிக்கு ஒரே ஓர் உறுப்பினர். அவரும் அழுத்தி அழுத்தி மண்ணை இறுக்கிவிட்டதால் திண்ணையிலிருந்து விலக்கப்பட்டார்.

விரலே வேண்டாம், சட்டியைத் தூக்கிப் பார், கனத்தால் ஈரம், லேசானால் தாகம் என்னும் நாலாவது பள்ளியும் உண்டு. இதுவே சரி. ஆனால் இதற்கு விளக்கவுரை எழுத இடமில்லாமையால் ஆய்வுலகம் இதை மதிப்பதில்லை (பழைய நர்சரித் தொழிலாளி, ‘தூக்குடா’, ஒற்றைச் சொல் நூல், மூன்றாம் லயம், தேநீர் வேளைச் சிறப்பிதழ், உரையாசிரியர் எவரும் துணியாதது). தேயிலைக் குச்சியைப் பாலித்தீன் பையில் வேர்பிடிக்க வைத்து, பிறகே மலையில் நட்ட கை அது. தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. கைக்கு இன்னும் எடை மறக்கவில்லை.

7. யார் கண்டுபிடித்தது?

1987-இல் இதே அகத்தியமலைக் காட்டில் ஓர் அறிவியல் குழு நடந்து களைத்தது. வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் களைக்கவில்லை. ஏதோ காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். குழு கேட்டது; அவர்கள் காட்டினார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டுத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. வருவாயில் காணிகளுக்கும் பங்கு என ஏற்பாடானது. நல்லதே. ஆயினும் தின்று காட்டியவர் தகவலாளி, கேட்டு எழுதியவர் ஆய்வாளர் என்னும் இலக்கணம் மாறவில்லை. அவ்விலக்கணப்படியே, இக்கட்டுரையின் மாமியாரும் மருமகளும் நர்சரித் தொழிலாளியும் பெயரின்றி அடைப்புக்குறிக்குள் நிற்பர். சொம்பைத் தொடாத ஆசிரியரே பேராசிரியராவார்.

8. முடிவுரை

காலையில் ஊற்றுக, இரவுக்குள் இலை காய்ந்துவிடும். மண் காய்ந்தபின் ஊற்றுக, குறைவாக ஊற்றுக. அடித்தட்டில் நீர் நின்றால் கொட்டுக. துளசியைக் காலை வெயில் படும் சுவரோரம் நகர்த்துக. இவை யாவும் திண்ணையில் ஏற்கெனவே நடந்து வருவன. ஆகவே இவற்றை உறுதிப்படுத்த ஐந்தாண்டுத் திட்டமும், இரண்டு கருத்தரங்குகளும், ஒரு ஜீப்பும் உடனடித் தேவை. சொம்பு ஆய்வாளர் கைக்கு வராமலிருப்பது செடிகளின் நலனுக்கு உகந்தது.