முசே வாத்தியாரின் திண்ணை

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன பிறகும் பிரெஞ்சுக் கடிதங்கள் வருவது நிற்கவில்லை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பிய சொல்தாக்களுக்குப் பென்ஷன் கடிதம் வரும். சைகோனில் வியாபாரம் செய்துவிட்டு ஊர் திரும்பிய மரைக்காயர் வீடுகளுக்குப் பழைய ஆவணங்களைக் கேட்டுக் கடிதம் வரும். பாரிசில் குடியேறிய பிள்ளையிடம் போகக் காத்திருக்கும் தாய்க்கு விசா கடிதம் வரும். எல்லாம் பிரெஞ்சில். அவற்றை வாசித்துச் சொல்ல ஊரில் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு அவர் பிரெஞ்சு வாத்தியார், ஊருக்கு முசே.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஊரை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தானது. அது சட்டப்படி நடைமுறைக்கு வந்ததோ 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. அந்த ஆறு மாதமும் முசேயின் திண்ணையில் கூட்டம் குறையவில்லை என்று அப்பா சொல்வார். போகலாமா, இருக்கலாமா என்று கேட்க வந்தவர்களிடம் இரண்டு பக்கத்து நன்மை தீமையையும் எடுத்துச் சொல்லி, முடிவை அவர்களிடமே விட்டுவிடுவார். எழுதிக் கொடுக்க முடிவெடுத்தவர்களுக்கு அவரே எழுதிக் கொடுத்தார். தனக்காக மட்டும் எழுதவில்லை.

பின்னாளில் நான் அவரிடம் பாடம் படித்தபோது இதைக் கேட்டேன். "முசே, நீங்க மட்டும் ஏன் எழுதிக் கொடுக்கல?"

"போனவங்களோட அப்பா அம்மா இங்கதானே தம்பி இருக்காங்க? அவங்களுக்கு வர்ற கடுதாசிய யாரு படிப்பா?" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம் என்பது போலப் பாடத்துக்குத் திரும்பிவிட்டார்.

சாயங்காலங்களில் திண்ணையின் ஒரு பக்கம் மாணவர்கள், மறுபக்கம் கடிதக்காரர்கள். ஒரு சொல்தாவின் விதவை உறையைப் பிரிக்காமலேயே கொண்டுவந்து நீட்டியது நினைவிருக்கிறது. "முசே, இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்ற குரலில் பயம் இருந்தது. முசே கடிதம் முழுவதையும் ஒருமுறை மனத்துக்குள் வாசித்தார். பிறகு முதல் வரியிலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்கவில்லை. "பணம் நிக்கலம்மா. ஒரு காகிதம் கேக்குறாங்க, அவ்வளவுதான். உட்காருங்க" என்றார். அந்த அம்மாள் உட்கார்ந்த பிறகுதான் மற்ற விவரங்களைச் சொன்னார். கடிதம் கொண்டு வருபவர்களுக்கு எது முதலில் தெரிய வேண்டுமோ அதை முதலில் சொல்வது அவருடைய வழக்கம்.

அந்தக் காகிதத்தில்தான் சிக்கல். பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவேட்டில் குப்புசாமி என்ற பெயர் 'சி' எழுத்தில் தொடங்கும்; உகரம் வரும் இடமெல்லாம் 'ஓ', 'யு' என்று இரண்டு எழுத்து நிற்கும். ரேஷன் கார்டிலோ அதே பெயர் 'கே' எழுத்தில் தொடங்கும். பிரான்சில் இருக்கும் அலுவலகத்துக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள். பெயருக்கு முன்னால் நாம் போடும் தகப்பனார் எழுத்து, அவர்கள் கேட்கும் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் போய் விழுந்தால் குழப்பம் இன்னும் கூடும். இருவரும் ஒருவரே என்று விளக்கி ஒரு கடிதம், கொம்யூன் என்னும் உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து பதிவேட்டின் நகல், தெரிந்த பெரியவர்களின் சாட்சிக் கையெழுத்து என்று எல்லாவற்றையும் சேர்த்து முசே அனுப்பிவைப்பார்.

இதற்காகவே நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தார். வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர், இரண்டு விதமான எழுத்துக்கூட்டல், பிறந்த தேதி, பதிவேட்டு எண், எந்த அலுவலகத்துக்கு எப்போது எழுதினோம், என்ன பதில் வந்தது. பென்ஷன் வாங்குபவர் உயிரோடிருப்பதாக அனுப்ப வேண்டிய சான்றிதழுக்குத் தனிப் பத்தி. யாராவது மறந்திருந்தால் ஆள் விட்டுக் கூப்பிடுவார். இதற்கெல்லாம் அவர் காசு வாங்கியதில்லை. ஆனி மாதம் மாங்கனித் திருவிழா சமயத்தில் வீடு தேடி வரும் மாம்பழங்களை மட்டும் மறுக்க மாட்டார். அவற்றையும் எங்களுக்குப் பங்கு போட்டுவிடுவார்.

எங்கள் பிரெஞ்சுப் படிப்பும் அந்தத் திண்ணைக்கு ஏற்றதாகவே இருந்தது. பாடப்புத்தகத்தில் வரும் ரயில் பயணத்தையும் ஓட்டல் உரையாடலையும் அவர் விட்டுவிடவில்லை. ஆனால் நாங்கள் பிழையில்லாமல் எழுதக் கற்ற முதல் விஷயம் ஒரு விண்ணப்பம். சுத்தப் பிரதி எடுக்கும் வேலையை எங்களுக்குக் கொடுப்பார். எழுத்துக்கு மேல் போடும் கோடு ஒன்று விட்டுப்போனாலும் திரும்ப எழுத வேண்டும். "உனக்கு ஒரு மார்க்குதான் போகும். அந்தம்மாவுக்கு ஒரு மாசப் பணம் போயிடும்" என்பார்.

இன்று பிரெஞ்சு படிக்க வழிகள் பெருகிவிட்டன. புதுச்சேரியில் 1889-ல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் இன்றும் வகுப்புகள் நடத்துகிறது. வீட்டிலிருந்தே இணையத்தில் படித்து டெல்ஃப் தேர்வு எழுதுகிறார்கள். மேல்நிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காக அந்த மொழியை எடுத்த பிள்ளைகள் வீதிக்கு வீதி இருக்கிறார்கள். கடிதத்தைப் படம் பிடித்தால் கைப்பேசி தமிழில் சொல்லிவிடுகிறது. இவையெல்லாம் நல்லவைதான். முசே இருந்திருந்தால் முதல் ஆளாகக் கைப்பேசியை வாங்கிப் பார்த்திருப்பார்.

ஆனாலும் காகிதத்தோடு அலைகிறவர்கள் குறையவில்லை. சொல்தாக்களில் பெரும்பாலோர் காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய மனைவிமாரும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருப்பது புதுச்சேரியில். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று ஏறக்குறைய 130 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். ஒரு காகிதம் குறைந்தால் திரும்பி வந்து இன்னொரு நாள் போக வேண்டும். கைப்பேசி வாக்கியத்தின் பொருளைச் சொல்கிறது. எந்தக் காகிதம் கொம்யூனில் கிடைக்கும், எதற்குப் புதுச்சேரி போக வேண்டும், எந்தப் பெயர் எந்தப் பெயரோடு மோதும் என்பதை இந்த ஊர்க் குடும்பங்களை அறிந்த ஒருவர்தான் சொல்ல முடியும். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் புரோக்கர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். முசே இலவசமாக எழுதிய அதே விண்ணப்பத்துக்கு இப்போது கிழவிகள் நகை அடகு வைக்கிறார்கள்.

1956 ஒப்பந்தத்தின் 28-ஆம் பிரிவு, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்காத வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாகத் தொடரும் என்கிறது. ஒரு மொழிக்கு அது பெரிய பாதுகாப்புதான். ஆனால் எங்கள் ஊர் ஏழைகளுக்கு அந்த மொழியால் பலன் கிடைத்தது அந்தப் பிரிவால் அல்ல. தான் படித்த படிப்பு ஊருக்குச் சொந்தம் என்று ஒரு வாத்தியார் நினைத்ததால்.

ஆகவே காரைக்காலில் பிரெஞ்சு படித்த பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு மாலை, நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு மேசை போட்டு உட்காருங்கள். துணைக்கு, கொம்யூன் அலுவலக நடைமுறை தெரிந்த ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களின் விவரங்களை ஒரு நோட்டில் எழுதி, பத்திரமாகப் பூட்டி வையுங்கள். காசு வாங்காதீர்கள். உங்கள் தேர்வுச் சான்றிதழ் உங்களை எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் அழைத்துப் போகட்டும். புறப்படும் முன் உங்களுக்குப் பின் அந்த மேசையில் உட்கார ஒருவரைப் பழக்கிவிட்டுப் போங்கள்.