முதல் அட்மிஷன் யாருக்கு?

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள், தோழி வாட்ஸ்அப்பில் பதில் போடாவிட்டால்கூடக் கதவை அறைந்து சாத்துகிறாள். மனக்கவன (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சியில் சேர்க்கலாமா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: சேர்க்கலாம். முதல் அட்மிஷன் உங்களுக்கு! விளையாட்டாகச் சொல்லவில்லை. பிரிட்டனில் 8,000-க்கும் அதிகமான பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ‘மிரியட்’ ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. வகுப்பில் மனக்கவனம் கற்றவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மேம்படவில்லை. பெரும்பாலானோர் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. ஆனால், கற்றுக்கொடுத்த ஆசிரியர்களின் பணிச்சோர்வு சில காலமாவது குறைந்தது!

ஆகவே, அவள் கதவை அறைந்ததும் பின்னாலேயே ஓடி, “மூச்சை இழுத்து விடு” என்று சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் அது அவள் காதில் இன்னொரு திட்டாகத்தான் விழும். முதலில் நீங்கள் மெல்ல மூச்சு விடுங்கள். அவள் தணிந்த பிறகு, “பதில் வரலைன்னதும் உடம்புல என்ன பண்ணுச்சு?” என்று கேளுங்கள். தொண்டை அடைத்ததா, வயிறு பிசைந்ததா? “கோபம் இல்லம்மா, என்னை ஒதுக்கிட்டாளோன்னு பயம்” என்று அவளே கண்டுபிடித்தால் பாதிப் பாடம் முடிந்தது. மீதி, அடுத்த மெசேஜுக்கு முன் பத்து மூச்சு பொறுப்பது.

நாள்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 ‘டெலி மானஸ்’ உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.