வாங்க மாட்டார்

எங்கள் தெரு கிரவுண்ட் மாமாவுக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. அது மின்வாரிய அட்டையில் இருக்கிறது. வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. சென்னை நங்கநல்லூரில் எந்த வீடு விலைக்கு வந்தது, என்ன சொன்னார்கள், எவ்வளவுக்குப் படிந்தது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இத்தனைக்கும் அவர் தரகர் இல்லை. ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுளில் வாங்கியது ஒரே ஒரு வீடு. விற்றது பூஜ்யம்.

காலையில் அவர் போவதற்கு நடைப்பயிற்சி என்று பெயர். உண்மையில் அது ரோந்து. 'விற்பனைக்கு' என்று பலகை தெரிந்தால் கால் தானாக நின்றுவிடும். எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிடுவார். ஒருநாள் அமெரிக்க மாப்பிள்ளையின் மாமனார். மறுநாள் தில்லியிலிருந்து குடிபெயரும் வங்கி மேலாளர். "எந்தத் திசை பார்த்த வாசல்? தெருக்குத்து உண்டா? தாய்ப்பத்திரம் கையில இருக்கா? ஃப்ளாட்டுன்னா யூடிஎஸ், அதான் மனையில நம்ம பங்கு, எவ்வளவு வருது?" கேள்விகளில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் குரலை மாற்றத் தெரிந்த மாமாவுக்கு எண்ணை மாற்றத் தோன்றவில்லை. வட்டாரத் தரகர்கள் எல்லோருடைய செல்பேசியிலும் அந்த எண் ஒரே பெயரில்தான் பதிவாகியிருக்கிறது: 'வாங்க மாட்டார்'.

கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி. மாமாவுக்கு உலகத்தை அளக்க அது போதும். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்தால் இலையைப் பார்க்குமுன் கூடத்தைப் பார்ப்பார். "நாலு கிரவுண்டு. ஃப்ளாட் போட்டா எங்கேயோ போகும்." துக்கம் கேட்கப் போன வீட்டில் கொஞ்ச நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். அப்புறம் மெதுவாக, "பசங்க எத்தனை பேர்? பட்டா யார் பேர்ல இருக்கு?"

வருடங்களைக்கூட அவர் நம்மைப் போல நினைவு வைத்துக்கொள்வதில்லை. பேத்தி எப்போது பிறந்தாள் என்று கேட்டேன். "வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைச்சுட்டு, பதிவுக் கட்டணத்தை ஒண்ணுலேர்ந்து நாலு ஆக்கினாங்களே, அந்த வருஷம்" என்றார். அதாவது 2017. பள்ளியில் சேர்த்தது? "மதிப்பைத் திரும்ப ஏத்தி, கட்டணத்தை ரெண்டாக் குறைச்சாங்களே, அப்போ." 2023. முத்திரைத்தாள் ஏழு, பதிவு ரெண்டு, ஆக ஒன்பது சதவீதம் என்பதை அந்தக் குழந்தை ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டது.

அடுத்தவர் வீடு என்றால் அவர் நியாயஸ்தர். "2015 டிசம்பர் வெள்ளத்துல அங்கே முழங்கால் அளவு தண்ணி. நான் கண்ணால பார்த்தேன்." சொந்த வீட்டுக்கு வந்தால் கவிஞர். "நம்ம வாசப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போயிடுச்சு." மெட்ரோ நிலையம் அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆனால் அவர் போகும்போது மட்டும் ஆட்டோ பிடிப்பார்.

ஒரு வீட்டுக்கு மூன்று விலை உண்டு என்பது மாமாவின் சித்தாந்தம். சொல்கிற விலை, படிந்த விலை, பத்திரத்து விலை. முதலாவது பெருமைக்கு, இரண்டாவது பிழைப்புக்கு, மூன்றாவது சார்பதிவாளருக்கு. இதில் முதலாவது எங்கே பிறக்கிறது என்பதைப் போன வருடம்தான் நேரில் பார்த்தேன்.

எதிர்ச் சாரியில் ஒரு கிரவுண்டில் பழைய தனிவீடு. பிள்ளைகள் சிங்கப்பூரில். டீக்கடை வாசலில் தரகர் தயங்கித் தயங்கி, "ரெண்டரை கோடி சொல்லலாமா மாமா?" என்று கேட்டார். "ஏம்ப்பா, மூணு சொல்லேன். சொல்றதுக்கு என்ன காசா பணமா?" தரகர் அதைச் சிங்கப்பூருக்குச் சொன்னார். சிங்கப்பூர் அதைப் பிடித்துக்கொண்டது. பலகை மாட்டினார்கள். பத்தாம் நாள் மாமா வழக்கம்போல யாரோ ஒரு மாமனாராகக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, மூச்சிரைக்க என்னிடம் ஓடி வந்தார்.

"மூணு கோடி சொல்றாண்டா! நம்ம தெரு எங்கேயோ போயிடுச்சு!"

அந்த மூன்று கோடி அவர் வாயில் பிறந்து கடல் கடந்து வந்த குழந்தை என்பதை அடியோடு மறந்திருந்தார். அந்த வாரம் தெருவில் எல்லோரும் கோடீஸ்வரர்கள். அடுத்த வீட்டுக்காரர் 'நம்மது கார்னர்' என்று இன்னும் இருபது லட்சம் கூட்டிக்கொண்டார். யார் கையிலும் ஒரு ரூபாய் கூடவில்லை. மாமாவும் மறுநாள் காலை கொத்துமல்லிக் கட்டு பதினைந்து ரூபாயா என்று கீரைக்காரம்மாவிடம் வழக்கம்போலச் சண்டை போட்டார்.

"உங்க வீடு மட்டும் விலை ஏறலாம், என் கட்டு ஏறக்கூடாதா சாமி?" என்றாள் அந்த அம்மா. மாமாவிடம் பதில் இல்லை.

எட்டு மாதம் பலகை வெயிலில் வெளுத்தது. பிறகு காணாமல் போனது. எவ்வளவுக்குப் படிந்தது என்று மாமா சொல்லவே இல்லை. கேட்டால், "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றார். இரண்டு நாள் ரோந்துகூட இல்லை. கடைசியில் மாமிதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரெண்டு முப்பதுக்கு முடிஞ்சுதாம். அன்னிக்கு ராத்திரி இவர் சாப்பிடலை." விற்றது அடுத்தவர் வீடு. எழுபது லட்சம் போனது என்னவோ மாமாவுக்கு.

உங்கள் தெருவிலும் ஒரு கிரவுண்ட் மாமா இருப்பார். பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள், விலையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்குமுன், பதிவுத்துறை இணையதளத்தில் அந்தத் தெருவின் நாலைந்து சொத்துகளுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பத்திரத்தில் எழுதிய தொகை அதில் இருக்கும். அது முழு உண்மை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மாமாவைவிடக் குறைத்துச் சொல்லும், அவ்வளவுதான்.