கிணறு முதல் கொலுசு வரை: பிளீச்சிங் பவுடர் கேள்விகள்

பாத்ரூம் கறைக்கு ஆசிட் ஊற்றினேன். போகவில்லை. அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். நெஞ்சை அடைத்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, வெளியே ஓடி வந்துவிட்டேன். கறை அப்படியே இருக்கிறது! – இல்லத்தரசி, ராசிபுரம்

கறை இருக்கட்டும், நீங்கள் இருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். பிளீச்சிங் பவுடரில் குளோரினைச் சுண்ணாம்போடு கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள். ஆசிட் பட்டதும் கட்டு அவிழ்ந்து குளோரின் வாயுவாகக் கிளம்பிவிடும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை எதிரிகள் மேல் ஏவிய அதே வாயு. அவர்களுக்காவது எதிரி எதிர்ப்பக்கம் இருந்தான். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் மேலேயே ஏவிக்கொண்டீர்கள்.

குளோரின் காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம். தரையோடு தரையாகத் தேங்கும். எனவே தலை சுற்றுகிறது என்று அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது. குழந்தை இருந்தால் தூக்கிக்கொண்டு வெளிக்காற்றுக்கு வர வேண்டும். 'ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன்' என்று திரும்பப் போகக் கூடாது. கண் எரிந்தால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். இருமல் நிற்காவிட்டாலோ மூச்சு இரைத்தாலோ 108-ஐ அழையுங்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம்.

கறை விஷயத்துக்கு வருவோம். நம் பக்கத்து போர் தண்ணீர் விடும் உப்புக் கறைக்கும் இரும்புக் கறைக்கும் பிளீச்சிங் பவுடர் மருந்தே அல்ல. இரும்புக் கறையை அது இன்னும் கெட்டிப்படுத்தும். அங்கே ஆசிட் மட்டும், அதுவும் கொஞ்சமாக. எலுமிச்சையும் வினிகரும்கூட ஆசிட் குடும்பம்தான், அவற்றையும் பிளீச்சோடு சேர்க்காதீர்கள்.

பினாயில், சோப்புத் தூள், பிளீச்சிங் மூன்றையும் கலந்து வீடு துடைத்தால் மூன்று மடங்கு சுத்தமா? – ஆத்தூர் வாசகர்

ஒரு வாளிக்கு ஒரு சரக்கு. முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, பிறகு பிளீச்சிங். அழுக்கு இருக்கும் இடத்தில் ஊற்றினால் குளோரின் முழுவதையும் அழுக்கே சாப்பிட்டுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது.

எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு எவ்வளவு பவுடர் போடலாம்? ஒரு மூட்டையைக் கொட்டிவிடலாமா? – விவசாயி, திருச்செங்கோடு

மூட்டையை இறக்குங்கள், முதலில் கணக்கு. ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம். பொது சுகாதாரப் பாடப் புத்தகங்கள் சொல்லும் அளவு இது. வட்டக் கிணறு என்றால் குறுக்களவை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர் வரும், அதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். நாலு மீட்டர் குறுக்களவு, ஐந்து மீட்டர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 62,800 லிட்டர். பவுடர் 157 கிராம். மூட்டை எங்கே, கையளவு எங்கே!

அதையும் அப்படியே வீசக் கூடாது. வாளியில் பசையாகக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அது கிணற்றுக்குள் போனால் ஏற்கனவே சப்பென்று இருக்கும் உங்கள் தண்ணீர் இன்னும் கடினமாகும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் வேறு வாளியில் எடுத்து, கயிற்றில் கட்டி இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். இரவில் போட்டு விடியற்காலை இறைப்பது உத்தமம்.

போன வருஷத்துப் பவுடரா? வாங்கும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கு இருந்த குளோரின், நம் ஊர் வெயிலில் வாய் திறந்த பையிலிருந்து விடைபெற்றுப் போயிருக்கும். மிஞ்சியிருப்பது கோலம் போடத்தான் ஆகும்.

இந்தப் பவுடர் எந்த ஊரில் இருந்து வருகிறது? – மாணவர், எடப்பாடி

எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் மேட்டூர் இருக்கிறது, தம்பி. 1934-ல் அணை கட்டி முடிந்தது. 1936-ல் மேட்டூர் கெமிக்கல்ஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரின். காஸ்டிக் மட்டும் போதும், குளோரின் வேண்டாம் என்று சொல்ல முடியாது, இரட்டைப் பிள்ளைகள். அந்தக் குளோரினை நீற்றுச் சுண்ணாம்புக்கு ஊட்டினால் பிளீச்சிங் பவுடர். 1799-லேயே கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

பண்ணைத் தண்ணீரில் தவறாமல் குளோரின் கலக்கிறேன். தடுப்பு மருந்தும் தண்ணீரிலேயே கொடுத்தேன். ஆனாலும் வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டதே? – கோழிப் பண்ணையாளர், மோகனூர்

கழிச்சலுக்குப் பல காரணம் இருக்கலாம், அதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள். தண்ணீரில் கொடுக்கும் தடுப்பு மருந்து உயிருள்ள வைரஸ். குளோரினுக்கு நல்ல வைரஸ், கெட்ட வைரஸ் என்ற பேதம் தெரியாது. மருந்து கோழியின் வாய்க்குப் போகும் முன்பே தீர்த்துக்கட்டிவிடும். மருந்து கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பே குளோரினை நிறுத்தி, தண்ணீரில் கொழுப்பு நீக்கிய பால் பொடியும் கலப்பது வழக்கம். மிச்சம் மீதி குளோரினை அந்தப் பால் பொடி அடக்கிவிடும்.

ஜவ்வரிசி பளீரென்று இருந்தால்தான் விலை போகிறது. அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது? – சேலம் வாசகி

குச்சிக்கிழங்கின் தோலை ஒழுங்காக உரித்து, மாவைத் திரும்பத் திரும்பக் கழுவினால் வெள்ளை தானாக வரும். தோலோடு அரைத்தால் மாவு மங்கும். அந்த மங்கலை மறைக்க ஹைப்போகுளோரைட் (பிளீச்சில் வேலை செய்யும் சரக்கு இதுதான்), ஆசிட், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று தொட்டியில் விடுகிறவர்கள் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையினர் சேலத்துச் சேகோ ஆலைகளில் பலமுறை சோதனை போட்டு இவற்றைப் பிடித்திருக்கிறார்கள். ஆலைக்காரரை மட்டும் திட்டுவதற்கில்லை. மகாராஷ்டிரத்தில் விரதத்துக்கு சாபுதானா கிச்சடி கிண்டுகிறவர்கள் முத்து போல வெள்ளை கேட்கிறார்கள். ஏகாதசியன்று சோறு கூடாது, ஹைப்போகுளோரைட் கூடும் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதோ! அடுத்த முறை கடையில் கொஞ்சம் மங்கலானதைக் கேட்டு வாங்குங்கள்.

வெண்பட்டு வேட்டியில் குழம்புக் கறை. பிளீச் போடலாமா? – செவ்வாய்ப்பேட்டை

போடலாம், வேட்டி வேண்டாம் என்றால். பட்டு என்பது புரதம், ஹைப்போகுளோரைட்டில் கரைந்தே போகும். பருத்தி வேட்டியென்றால் நீர்க்கப் போட்டுச் சட்டென்று அலசிவிடலாம். நீங்கள் சேலத்துக் கொலுசுப் பட்டறைகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டை என்பதால் சொல்கிறேன், கொலுசையும் அதில் முக்காதீர்கள், வெள்ளி கறுத்துவிடும். எவர்சில்வர் பாத்திரத்தை ஊறப் போட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஜவ்வரிசி, வெண்பட்டு, கொலுசு, உருக்காலை என்று சேலம் எதற்கெல்லாம் பெயர் வாங்கியதோ, அத்தனையோடும் இதற்குப் பகை.

மந்திரி வரும் நாளில் மட்டும் சாலையோரம் வெள்ளைக் கோடு போடுகிறார்களே, கிருமி சாகுமா? – நாமக்கல் வாசகர்

காய்ந்த மண்ணில் தூவிய பவுடருக்குக் கார் வேகத்தில் கடந்து போகிற கிருமி எதுவும் சாகாது. மந்திரிக்குத் திருப்தி, அதிகாரிக்கு நிம்மதி.

கொரோனா காலத்தில் சந்தை வாசலில் மருந்துச் சுரங்கப்பாதை வைத்தார்களே? – குமாரபாளையம் வாசகர்

திருப்பூரில் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் வைத்தார்கள், உள்ளே நடப்பவர் மேல் தெளித்தது இதே ஹைப்போகுளோரைட்தான். பல ஊர்கள் பார்த்துப் பின்பற்றின. அதே ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்காதீர்கள் என்று அறிவுறுத்தியது. உள்ளே போய்விட்ட வைரஸுக்கு மேல்தோலில் தெளித்து என்ன பயன்? கண்ணும் தொண்டையும் எரிந்ததுதான் மிச்சம். தரைக்கும் கதவுக் கைப்பிடிக்கும் உரியதை மனிதன் மேல் அடித்தால் மனிதன் கதவாகிவிட மாட்டான்.

சைக்கிளில் வருபவரிடம் பிளீச், ஆசிட் எல்லாம் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? – பள்ளிபாளையம்

வேண்டாம். தாகத்தோடு வரும் பிள்ளைக்குப் பாட்டில்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போகும்போது சுட்ட தொண்டை திரும்பும்போதும் சுடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி.

எங்கள் ஏரியா குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை தூக்குகிறது. குடிக்கலாமா? – சேலம், அம்மாபேட்டை

குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். லேசான வாடைக்குப் பயப்படாமல் குடத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள், போய்விடும். வாடை வந்தால், டேங்க் ஆபரேட்டர் இன்று வேலைக்கு வந்திருக்கிறார் என்று அர்த்தம். வராத நாளில் கடிதம் போடுங்கள்.