ஆடவர் கால்முடி நீக்கல்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தலைமுடி பற்றி நம்மிடம் சாத்திரம் உண்டு. மீசை பற்றிச் சாதிவாரியாகப் பெருமை உண்டு. தாடி வைத்த பெரியவர் ஒருவர் தொடங்கிய இயக்கமே உண்டு. முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே, ஆடவர் காலில் அடர்ந்து கிடக்கும் முடியைப் பற்றி மட்டும் அறிஞர் பெருமக்கள் வாய் திறப்பதில்லை. பாதாதி கேசம் பாடிய புலவர்கள் பாதத்தில் புறப்பட்டுக் கேசத்தில் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் கணைக்காலைப் பாடினார்கள். கணைக்காலில் முளைத்ததைப் பாடவில்லை. இந்தப் பெருங்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முடியை நீக்குவதா என்பது பின்னால் வரும்.

ஆய்வுக் களம் திருவள்ளூர் மாவட்டம். மேற்கே திருவள்ளூர், வடகிழக்கே ஆந்திர எல்லையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி. இரண்டுக்கும் சென்னையிலிருந்து மின்சார ரயில் உண்டு. எதிரெதிர் இருக்கைகளில் உட்காருபவர்களின் முழங்கால்கள் இடித்துக்கொள்ளும்படி அந்த ரயில்கள் அமைந்திருப்பதால், இத்துறை ஆய்வாளர் தரவைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரும்பு உருக்காலை, ரசாயன ஆலை, டயர் ஆலை எனத் தொழில்களும் பல. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர், உள்ளூர் விவசாயி, பழவேற்காட்டு மீனவர் எனக் கால்களும் பல.

2. கருதுகோள்

கால்முடி உடலின் பிரச்சினை அன்று, உடையின் பிரச்சினை. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

நம் தகப்பனார்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள், ரேஷன் கடை வரிசையில் நின்றார்கள், பெண் பார்க்க வந்தவர்களை வாசலில் வரவேற்றார்கள். அவர்களுடைய கால்கள் தலைமுறை தலைமுறையாகப் பொதுப் பார்வையில் இருந்தன. ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. மகன் ஷார்ட்ஸ் போட்டான், கேள்வி பிறந்தது. திண்ணையில் லுங்கியை முட்டிக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஷார்ட்ஸ் போட்ட மகன். உள்ளிருந்து வரும் அம்மா, "டேய், ஆளுங்க வர்றாங்க, அந்தக் கால மூடு" என்கிறார். மகனிடம்தான் சொல்கிறார். இரண்டு கால்களுக்கும் முடி ஒன்றே, மரபணுவும் ஒன்றே. துணி மட்டும் வேறு.

இடையில் பேன்ட் என்றொரு காலகட்டம் உண்டு. அதில் அரசுக்கும் பங்குண்டு. ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்கவோ எண்ணெய் இடவோ போகிறவர் உடலோடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு விதித்தது. ஆக, ஷிஃப்ட் நேரத்தில் கால்முடி சட்டப்படி மறைந்திருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் லுங்கியில் வெளியே வந்தது. எட்டு மணி நேரம் சாக்ஸும் பாதுகாப்புக் காலணியும் உரசும் இடத்தில் முடி தானாகவே தேய்ந்து போவதும் உண்டு. கணுக்காலைச் சுற்றி வளையம்போல் வழுவழுப்பு ஓடினால், அவர் அழகு நிலையத்துக்குப் போய் வந்தவர் அல்லர். ஆலைக்குப் போய் வருபவர்.

3. நூற்சான்றுகள்

திருவள்ளுவர் 280-ஆம் குறளில், உலகம் பழிப்பதை விட்டுவிட்டவனுக்கு மொட்டையும் தேவையில்லை சடையும் தேவையில்லை என்கிறார். அது துறவியின் தலையைப் பற்றியது. கீழே இறக்கிக் காலுக்குப் பொருத்துவது உரை மரபுக்கு ஒவ்வாது. நீக்கக் கூடாது என்னும் கட்சியார் மானம் அதிகாரத்துக் கவரிமாவைக் காட்டுவர். முடி போனால் உயிரை விடும் அந்த விலங்கைப் பின்பற்றுவதானால் சலூனுக்கே போக முடியாது. ஆகவே வள்ளுவரை இரு தரப்பும் விட்டுவிடுவது நல்லது.

நேரான சான்று வடமொழியில் கிடைக்கிறது. 6-ஆம் நூற்றாண்டு வானியல் அறிஞர் வராகமிகிரர், கோள்களை ஆராய்ந்த களைப்பு தீரவோ என்னவோ, பிருகத் சம்ஹிதையில் ஆண்களின் கால்முடியையும் ஆராய்ந்திருக்கிறார். உருண்ட கணைக்காலில் மெல்லிய முடி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அவன் அரசன். நாய், நரி போன்ற கணைக்கால் உடையவன் காசில்லாதவன். ஒரு மயிர்க்குழியில் ஒரே முடி முளைத்தால் அரசன், இரண்டு முளைத்தால் படித்தவன், மூன்றும் அதற்கு மேலும் முளைத்தால் ஏழை.

இந்த அளவுகோலைக் களத்தில் பொருத்திப் பார்க்கையில் ஒரு சிக்கல் எழுகிறது. தலையில் ஒரே இடத்திலிருந்து இரண்டு மூன்று முடிகள் சேர்ந்து கிளம்புவது சகஜம். காலில் பெரும்பாலும் குழிக்கு ஒன்றுதான். வராகமிகிரர் கணக்குப்படி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை கேட்டில் அடையாள அட்டையோடு காலை ஷிஃப்டுக்கு நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர் அத்தனை பேரும் அரசர்கள். ஓவர்டைம் சம்பளம் எப்போது வரும் என்று அந்த அரசர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

4. சமயச் சான்றுகள்

முடியைக் காணிக்கையாகக் கேட்கும் தெய்வங்களுக்கு இவ்வட்டாரத்தில் குறைவில்லை. மாவட்டத்துக்குள்ளேயே திருத்தணி முருகன். எல்லை தாண்டினால் திருப்பதி. அங்கே காணிக்கை முடியைத் தேவஸ்தானம் ஏலம் விட்டு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் வருவாய் ஈட்டுகிறது. ஆனால் இரண்டு இடத்திலும் வேண்டப்படுவது தலைமுடி. விக் செய்பவருக்கு நீளம் வேண்டும். கால்முடிக்குச் சந்தையும் இல்லை, சாமியும் இல்லை. திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் நோய் தீர வெல்லம் கரைக்கிறார்கள். முடி உதிர வேண்டி எதையும் கரைக்கும் வழக்கம் இல்லை.

உடல் முழுதும் மழிக்கும் சர்வாங்க சவரம் என்ற ஒன்று நம் பழக்கத்தில் இருந்ததே என்று சிலர் மடக்கலாம். இருந்தது. அது சடங்கை ஒட்டியது, அழகை ஒட்டியதன்று. ஷார்ட்ஸ் போடுவதற்காக ஒருவரும் சர்வாங்க சவரம் செய்துகொண்டதாகச் சாத்திரம் பேசவில்லை.

5. அறிவியல் சான்றுகள்

இத்துறையின் முதல் வினா, "மழிச்சா இன்னும் கெட்டியா வளருமாமே?" என்பது. அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-இலேயே இதற்கு விடை சொல்லிவிட்டார்: வளராது. 1970-இல் லின்ஃபீல்டு, மக்வில்லியம்ஸ் என்னும் இருவர் ஐந்து ஆண்களைப் பிடித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு காலை மட்டும் வாரந்தோறும் பல மாதங்கள் மழித்து, மறுகாலை அப்படியே விட்டார்கள். முடியின் எடை, பருமன், வளரும் வேகம் எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இயற்கையான முடியின் நுனி கூம்பியிருக்கும். பிளேடு பட்டது மொட்டையாக நிற்கும். அதனால்தான் முரடாகத் தெரிகிறது. ஒரு கால் காடாகவும் ஒரு கால் களமாகவும் அந்த ஐவரும் மாதக்கணக்கில் எப்படி நடமாடினார்கள் என்பதை ஆய்வேடு பதிவு செய்யவில்லை. விஞ்ஞானத்துக்கு உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. மானத்தைக் கொடுத்தவர்கள் இவர்கள்.

அடுத்தது மூட்டைப்பூச்சி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்திலிருந்து 2011-இல் வெளியான ஆய்வொன்றில், தன்னார்வலர்களின் ஒரு கையை மழித்து இரு கைகளிலும் மூட்டைப்பூச்சியை ஊர விட்டார்கள். முடியுள்ள கையில் பூச்சிக்குக் கடிக்க இடம் பார்க்க அதிக நேரம் பிடித்தது. அது ஊர்வதும் ஆளுக்குச் சீக்கிரம் தெரிந்தது. கடிப்பதற்குள் பூச்சியை எடுத்துவிட்டார்கள் என்பது அந்நாட்டுக் கருணை. ஓர் அறையில் ஷிஃப்ட் மாறி ஷிஃப்ட் ஆட்கள் படுத்தெழும் கும்மிடிப்பூண்டி வாடகை அறைகளில் பூச்சியை எடுக்க யாரும் நிற்பதில்லை. கையில் நடந்ததுதான் காலிலும் நடக்கும் என்று கொண்டால், அங்கே கால்முடி ஓர் எச்சரிக்கை மணி. இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர் அதைக் களைவது ஊர்க்காவலை வாபஸ் வாங்குவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது காற்று. ஸ்பெஷலைஸ்டு என்னும் சைக்கிள் நிறுவனம் 2014-இல் கலிபோர்னியாவிலுள்ள தன் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, காலை மழித்தவர் 40 கிலோமீட்டரில் 50 முதல் 82 வினாடி வரை மிச்சம் பிடிக்கலாம் என்றது. 1987-இல் செஸ்டர் கைல் என்பவர் செய்த முந்தைய சோதனையில் இது சுமார் 5 வினாடிதான். தாராளமாக ஒரு நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். திருவள்ளூரிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் கூட. அங்கிருந்து காலை மழித்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பும் வீரர், காரனோடைப் பாலம் வரை அந்த ஒரு நிமிடத்தைப் பத்திரமாகச் சேர்த்துக்கொண்டு வருவார். செங்குன்றம் வந்ததும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று வட்டியும் முதலுமாகக் கட்டிவிடுவார்.

6. நீக்கும் முறைகள்

பிளேடு: மலிவு. ஆனால் கன்னத்துக்குச் செய்தது கணைக்காலுக்கு வளையாது. முழங்கால் சில்லிலும் கணுக்கால் எலும்பிலும் ரத்தம் பார்க்காமல் விடாது. மயிர்க்காலில் சீழ்க் கொப்புளம் வரும். முடி உள்ளே சுருண்டு வளரும். சர்க்கரை நோயுள்ளவர் காலில் வெட்டுக்காயத்தை விளையாட்டாக எடுக்கவே கூடாது.

க்ரீம்: இதிலுள்ள தயோகிளைகோலேட் உப்பு, முடியின் கெரட்டின் பிணைப்புகளை உடைத்துக் கூழாக்குகிறது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டுத் தோலிலிருந்து முடியைக் கழற்றுவதும் ஏறக்குறைய இதே வேலைதான். பகலெல்லாம் ரசாயன ஆலையில் கையுறை இல்லாமல் எதையும் தொடாத தொழிலாளி, இரவில் அறைக்கு வந்து இதை வெறுங்கையால் எடுத்து இரண்டு காலிலும் அப்பிக்கொள்கிறார். நாற்றம் அறை முழுக்க நிற்பதால் ரகசியம் நிற்காது.

வேக்ஸ்: முடி வேரோடு வரும், சில வாரங்களுக்குத் தொல்லை இல்லை. பட்டையைப் பிடுங்கும் கணத்தில் வாயில் வரும் சொற்களை இவ்வாய்வேடு பதிவு செய்ய இயலாது.

டிரிம்மர்: காயம் இல்லை, நாற்றம் இல்லை, முழுசாகவும் போகாது. கட்சி மாறாமல் கூட்டணி மட்டும் வைப்பவர்களுக்கு ஏற்றது.

சலூன்: தலை, தாடி, ஃபேஷியல் என்று விலைப்பட்டியல் தொங்கும், கால் அதில் இருக்காது. விசாரித்தால், "இன்னா தம்பி, காலுக்கா? கல்யாணமா, நாடகமா?" என்று பதில் கேள்வி வரும். செவ்வாய்க்கிழமையானால் அதுவும் வராது, கடை விடுமுறை.

7. விலக்கு பெறுவோர்

சலூன்காரர் கேள்வியில் ஒரு வகைப்பாடு அடங்கியிருப்பதை அறிஞர் உணர்வர். கால்முடியை நீக்கத் தொழில்முறைக் காரணம் உள்ளவர்கள் சிலர் உண்டு. மேடையில் எண்ணெய் பளபளக்கத் தொடைத் தசையைக் காட்ட வேண்டிய ஆணழகன் போட்டியாளர் முதலாமவர். முடி இருந்தால் உழைத்துச் சேர்த்த கோடுகள் தெரியா. திரௌபதி அம்மன் விழாக் கூத்தில் பெண் வேடம் கட்டுபவர் இரண்டாமவர்; சேலைக் கரை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது அவர் தேவை. நீச்சல் போட்டியாளர் மூன்றாமவர்.

நான்காமவராக அறுவை சிகிச்சை நோயாளியைச் சேர்க்க நினைத்தால் அது தவறு. அறுவைக்கு முன் முடியை நீக்காதீர்கள், தவிர்க்கவே முடியாவிட்டால் கிளிப்பரால் வெட்டுங்கள், மழிக்கவே வேண்டாம் என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. மழிக்கும்போது ஏற்படும் நுண்கீறல்களில் கிருமி குடியேறும்.

இந்தப் பட்டியலில் இல்லாத நம்மைப் போன்றோருக்கு இதே வட்டாரத்துத் தேர்வாய் கண்டிகை வழி காட்டுகிறது. அங்குள்ள சிப்காட் வளாகத்தில் மிஷெலின் டயர் ஆலை இருக்கிறது. எந்த ஆலையானாலும், அச்சிலிருந்து புதிதாக வெளிவரும் டயரில் ரப்பர் முடிகள் துருத்திக்கொண்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். அச்சில் காற்று வெளியேறும் துளைகளில் ரப்பர் புகுந்ததால் முளைத்தவை அவை. அவற்றால் டயர் வேகமாக ஓடுவதுமில்லை, மெதுவாக ஓடுவதுமில்லை. ஓட ஓடத் தேய்ந்து போகும். டயரை வாங்கியவர் எவரும் அதற்காக அழகு நிலையம் போவதில்லை.

8. தீர்ப்பு

மேற்கண்ட சான்றுகளைச் சீர்தூக்கிப் பார்த்து இக்கட்டுரை பின்வருமாறு முடிவு செய்கிறது.

ஒன்று: ஆண் கால்முடியை நீக்கியே ஆக வேண்டும் என்பதற்கு வள்ளுவரிடமும் காரணம் இல்லை, ஷெஃபீல்டிலும் இல்லை.

இரண்டு: நீக்கக் கூடாது என்பதற்கும் இல்லை. நீக்கினால் ஆண்மை போகாது, கெட்டியாகவும் வளராது. முடிக்கு அந்த அளவுக்கு ரோஷம் கிடையாது.

மூன்று: அப்பாவின் லுங்கிக்கு உள்ள உரிமை மகனின் ஷார்ட்ஸுக்கும் உண்டு. அம்மாக்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

நான்கு: மூட்டைப்பூச்சி உள்ள அறையில் இருப்பவர், முதலில் கட்டிலை வெயிலில் போட வேண்டும், காலைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

ஐந்து: எந்த முறையானாலும் சொந்த ரேசர், சொந்த பிளேடு. ஹெபடைட்டிஸ் பி போன்ற நோய்கள் ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவர் ரத்தத்துக்குப் போக அந்தச் சின்னக் கீறல் போதும். உங்கள் காலை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். அறைத் தோழரின் ரேசரில் மட்டும் கை வைக்காதீர்கள்.