பத்துமலை ஏறும் முதுகுப்பையின் குலுக்கமும் குலுங்காமையும்: ஒரு முன்னாய்வு

பத்துமலையின் 272 படிகளையும் விடியலில் ஓடியே ஏறுகிறவர்கள் முதுகில் மாட்டும் பையைப் பற்றித் தொல்காப்பியர் வாய் திறக்கவில்லை. திறக்காததாலேயே அப்பை அன்று வீட்டுக்கு வீடு இருந்தது என்பது வெள்ளிடைமலை. (இதே வழியில் நிறுவிய முடிபுகளுக்கு முனைவர் பட்டம் வழங்கப்படுவதால் தயங்காமல் மேலே செல்வோம்.)

பைகள் மூவகைப்படும்: குலுங்குவன, குலுங்காதன, குரங்கு பறிப்பன.

குலுங்குவன பாசார் மாலாமில் கிடைக்கும்.

குலுங்காதன விரித்துரைக்கத் தக்கன. இவ்வகைக்கு ஆதி முன்னோடி இடும்பன். அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி இரண்டையும் ஒரே தண்டின் இரு முனையில் கட்டித் தோளில் தூக்கியவர். இருபுறமும் சம எடை. இன்றைய ஓட்டக்காரர் மார்பின் இரு பக்கமும் தண்ணீர்க் குப்பி செருகுவதும் இதே கணக்குத்தான். கொள்ளளவு இரண்டு மலை. லிட்டரில் எவ்வளவு என்பதில் அறிஞர் இரு அணியாகப் பிரிந்து, ஒருவர் மகன் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை (காண்க: இக்கட்டுரையாளரின் வெளிவராத நூல், திருத்திய மூன்றாம் பதிப்பு, கரையான் தின்ற பக்கம்). ஆனால் இடும்பனிடம் இடுப்புப் பட்டை இல்லை. பழனியில் இளைப்பாற இறக்கிய சுமையை மறுபடி தூக்க முடியாமல் போனது அதனால்தான். பட்டை மட்டும் இருந்திருந்தால் தலபுராணத்தையே திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

அக்குறையைத் தீர்த்தவர்கள் நம் காவடிக்காரர்கள். 1892 முதல் தைப்பூசம் காணும் இம்மலையில், பெரிய காவடியின் சட்டத்தை ஆளின் உடம்புக்கேற்ப இடுப்பில் இறுக்கிக் கட்டிய பிறகே ஆட விடுகிறார்கள். ஆள் ஆடினாலும் சட்டம் தனியே ஆடாது. இதை வைத்து யானே இயற்றி, யானே உரை வரைந்து, யானே இடைச்செருகல் என்று ஐயுற்ற நூற்பா:

ஒட்டிய சுமையே சுமையெனப் படாது.

உரை: லிட்டரைப் பார்க்காதே, முதுகின் நீளத்தைப் பார். ஓடுவதற்கான பை முதுகின் மேற்பாதியில் ஒட்டி நிற்க வேண்டும். மார்புப் பட்டையை மூச்சு முட்டாத அளவுக்கு இறுக்க வேண்டும். தண்ணீர் உறையிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் 'களக் களக்' அடங்கும். வெறும் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பது ஆய்வாகாது. இரண்டு பாட்டில் தண்ணீரை உள்ளே போட்டுக் கடையிலேயே குதிக்க வேண்டும். கடைக்காரர் "அண்ணே, வாங்கிட்டுக் குதிங்க" என்பார். இது வாய்மொழி வழக்காறு; சான்றாகக் கொள்ள வேண்டாம்.

மழை: வரும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை விரிக்கவும்.

நிறம்: 2018இல் வண்ணம் பூசிய படிகளுக்குப் பொருத்தமாகப் பை வாங்க வேண்டுமா? வேண்டாம்.

இனிக் குரங்கு பறிப்பன. கையில் தொங்கும் பையும், பக்கவாட்டு வலையில் தலைநீட்டும் பாட்டிலும் இவ்வகை. நீண்டவால் குரங்குகள் ஜிப் திறப்பதில் நாட்டம் உள்ளவை (காண்க: படிக்கட்டுக் கைப்பிடிச் சுவர்க் குரங்கு, நேர்காணல், ஆய்வாளரின் கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பறித்த பின் அளித்து, தின்று முடித்ததும் மறுத்த வாக்குமூலம்). ஆகவே தின்பண்டம் முதுகுப்புற அறையின் அடியில் இருக்க வேண்டும். இதை மறுக்கும் அறிஞர்கள் மாநாட்டு மண்டபத்தில் பேசாமல், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் நூறாவது படிக்கு வரவும்.