புதிய ஃபோல்டர் (2): குடும்பப் பட மரபில் ஒரு காலவரையறை ஆய்வு

ஆய்வு நோக்கம்

ஒரு குடும்பத்தின் டிஜிட்டல் படங்களைக் காப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றை எப்படிக் காப்பது என்று இதுவரை நடந்த வாதங்களைத் தொகுத்து, இன்னொரு வாதத்தைச் சேர்ப்பதே நோக்கம்.

ஆய்வு எல்லை

மேசையின் இரண்டாம் இழுப்பறை.

கருதுகோள்

முடிவுரை எழுதிய பின்னர் அமைக்கப்பட்டது.

மூன்று சங்கங்கள்

குடும்பப் படங்களின் வரலாற்றை மூன்று சங்கங்களாகப் பகுக்கலாம். முதற்சங்கம் 700 எம்பி கொள்ளும் சிடியில் இருந்தது. மார்க்கர் பேனாவால் 'கல்யாணம் – முக்கியம்' என்று எழுதிய தட்டு ஒன்று கிடைத்துள்ளது. யார் கல்யாணம் என்பது புலப்படவில்லை. தட்டைப் படிக்கும் கருவியும் வீட்டில் இல்லை. இடைச்சங்கம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அது மேசையிலிருந்து கீழே விழுந்த நிகழ்வை அறிஞர் கடல்கோள் என்பர். கடைச்சங்கம் கிளவுடில் நடக்கிறது. 2015இல் வந்த கூகுள் ஃபோட்டோஸ், சற்றே சுருக்கிய படங்களுக்கு அளவின்றி இலவச இடம் தந்தது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றியவை 15 ஜிபி கணக்கில் சேர்ந்தன. அதன்பின் இச்சங்கத்தில் புதிய நூல் அரங்கேறுவது அரிது.

குடும்பத்தின் தலைசிறந்த படங்கள் எல்லாம் கடல்கொண்ட டிஸ்க்கில்தான் இருந்தன என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. பெரியப்பா ஒல்லியாக இருந்த படமும் அவற்றுள் ஒன்று. மொத்தம் 4440 படங்கள் என்கிறார் அவர் (பெரியப்பா, கல்யாணப் பந்தி, இரண்டாம் வரிசை, ரசத்துக்கு முன்). முதற்சங்கம் நடந்ததாக இறையனார் களவியலுரை சொல்லும் ஆண்டுத் தொகையும் 4440தான். ஓர் ஏடும் எஞ்சாத ஒன்றைச் சில்லறை விடாமல் எண்ணும் ஆற்றல் நம் ஆய்வுலகில் நெடுங்காலமாக உண்டு. ஆகவே பெரியப்பாவை ஐயுறக் காரணம் இல்லை.

காலவரையறைச் சிக்கல்

எஞ்சிய படங்களுள் தலையாயது 'டிஎஸ்சி_0001'. ஒரு சிறுமி கேக் வெட்டுகிறாள். கோப்பில் பதிந்துள்ள நாள் 1980 ஜனவரி 1.

முற்காலக் கொள்கையர் இந்நாளை அப்படியே ஏற்பர். அதன்படி, ஜேபெக் வடிவம் தரப்படுத்தப்பட்ட 1992க்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே நம் குடும்பம் ஜேபெக் படம் எடுத்துவிட்டது. உலகில் எதுவும் நம்மிடம்தான் முதலில் தோன்றியது என்பாருக்கு இது உவப்பான முடிவு.

பிற்காலக் கொள்கையர் மறுப்பர். மெமரி கார்டில் உள்ள 'ஃபேட்' கோப்பு முறைக்குக் காலமே 1980 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது. பேட்டரி தீர்ந்து கடிகாரம் நின்ற கேமரா அந்த ஆதிநாளுக்கே திரும்பியிருக்கலாம். எனவே புறச்சான்றை விடுத்து அகச்சான்றை நாடுக என்பர். அகச்சான்று அத்தையின் புடவை. அது ஆடித் தள்ளுபடியில் எடுத்தது (அத்தை, நேர்முகம், பாத்திரம் துலக்கும்போது). எந்த ஆடி என்ற கேள்விக்கு, 'அந்த வருஷ ஆடி' என விடை கிடைத்தது.

மூன்றாம் கொள்கையர் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைக் காட்டுவர். அதில் 17 என்ற எண் தெளிவாகத் தெரிகிறது. மாதத்தை மாமாவின் தலை மறைத்துள்ளது. அன்று தலை அங்கே இருந்ததா என்று மாமாவிடமே கேட்கப்பட்டது (மாமா, தொலைபேசி உரையாடல், ஓடும் பேருந்து; இரைச்சலால் இறுதிச் சொல் சிதைந்தது; பதிப்பாசிரியர் அதை 'ஆமாம்' எனக் கொண்டார்; தாம் சொன்னது 'அப்புறம் பேசறேன்' என்று மாமா பின்னர் வெளியிட்ட மறுப்பு பிற்சேர்க்கை எனத் தள்ளப்பட்டது).

கேக் வெட்டியவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். 'அது என் அஞ்சாவது பிறந்தநாள், கேக்கிலேயே அஞ்சுன்னு போட்டிருக்கே' என்கிறாள். சம்பந்தப்பட்டவரே சாட்சியாவது முறையன்று என்பதால் இக்கூற்று ஏற்கப்படவில்லை.

இத்தகைய இழுபறி புதிதன்று. சிலப்பதிகாரத்தை, அதில் வரும் இலங்கை வேந்தன் கயவாகுவைக் கொண்டு 2ஆம் நூற்றாண்டில் வைத்தனர் சிலர்; வானநூல் கணக்கிட்டு 756ஆம் ஆண்டில் நிறுத்தினார் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. நடுவே கிடக்கும் அறுநூறு ஆண்டில் எத்தனையோ பேர் முனைவர் பட்டம் பெறலாம்.

பாடபேதம்

கேமரா மரபுப்படி கோப்பின் பெயரில் எண் 9999க்குப் பின் மீண்டும் 0001 ஆகும். ஆகவே தேரோட்டமும் பக்கத்து வீட்டு நாயும் ஒரே பெயரில் நிலவும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த நாள், கேமரா பற்றிய குறிப்புகளும் உதிரும். டாக்குமென்டாக அனுப்பினால் மூலபாடம் தப்பும். இதைச் சொன்னவர் செல்போன் கடைக்காரர் என்பதால் ஆய்வுலகம் கருத்தில் கொள்ளவில்லை.

3-2-1 கோட்பாடு

மூன்று பிரதி, இருவகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய இச்சூத்திரத்துக்கு உரைகள் பல. 'சி டிரைவில் ஒன்று, டி டிரைவில் ஒன்று, டெஸ்க்டாப்பில் ஒன்று' என்பது பெரியப்பா உரை. மூன்றும் ஒரே டிஸ்க்குக்குள் இருப்பதை அவர் அத்வைதம் என்கிறார். போனில் அழித்தால் கிளவுடிலும் அழியும் ஒத்திசைவையே பேக்கப் எனக் கொள்வது மாமா உரை. பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்ட மரபின் தொடர்ச்சியாக இவ்வுரையைக் கருதலாம்.

விலக்கப்பட்ட தரவு

சித்தி ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் எல்லாப் படங்களையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுக்கிறாள். ஒன்றைத் திருச்சியில் தன் அக்கா வீட்டில் வைக்கிறாள். வைக்குமுன் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படங்களைத் திறந்து பார்க்கிறாள். டிஸ்க் பழையதானால் புதியதற்கு மாற்றுகிறாள். இடைச்சங்கப் படங்கள் முழுதும் அவளிடம் இருக்கின்றன. பெரியப்பா ஒல்லியாக இருந்த படம் மட்டும் இல்லை.

சித்தி எக்கோட்பாட்டையும் மேற்கோள் காட்டவில்லை. முன்னோடி ஆய்வுகளைச் சுட்டவில்லை. 'அழிஞ்சு போயிடுமேன்னு செஞ்சேன்' என்பதற்குமேல் அவளிடம் முறையியல் இல்லை. எனவே அவளுடைய தரவு இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. இக்கட்டுரைக்குப் படங்கள் தந்து உதவியமைக்காக அவளுக்கு நன்றி.